மீகாமனின் குறிப்பேடு

நிலத்தில் வழி தவறியவன் எதிர்ப்பட்டாரை வினவி அறிவான். கடலில் வினவுதற்கு எவர் உளர்? பாய்மரக் கப்பல்கள் ஓடிய நாளில் ஒவ்வொரு மீகாமனும் தான் பட்டறிந்ததையே நம்பிச் சென்றான். நம் முன்னோர் திசைபற்றிக் காற்றுக்குக் கொண்டல், தென்றல், கோடை, வாடை எனப் பெயரிட்டனர். ஆயினும், இன்ன திங்களில் இன்ன கடலில் எக்காற்று மிகுதியும் வீசும் என்பதைப் பலர் குறிப்புகளையும் தொகுத்தாலன்றித் துணிந்துரைத்தல் அரிது.

அமெரிக்கக் கடற்படை அலுவலராகிய மாத்தியூ மௌரி என்பார், 1839-இல் வண்டி கவிழ்ந்து கால் ஊறுபட்டமையால், கப்பற்பணிக்கு இயலாதவரானார். 1842-இல் வாசிங்டன் நகரிலிருந்த கடற்படைப் படக் கிடங்கு அவர் பொறுப்பில் விடப்பட்டது. அங்கே பழைய கப்பற் குறிப்பேடுகள் குவிந்து கிடந்தன. பிறர் பயனற்ற தாள் என்று ஒதுக்கியவற்றிலிருந்து காற்றையும் நீரோட்டத்தையும் நாள்வாரியாகத் திரட்டி, 1847-இல் வட அட்லாண்டிக் கடலுக்குப் படம் வெளியிட்டார்.

அரசின் கப்பல்களோ சில. கடலெங்கும் திரிந்தவை வணிகர் கப்பல்களே. அவர்தம் குறிப்புகளும் வேண்டுமென மௌரி கேட்டபோது, மீகாமர் பலர் செவிசாய்க்கவில்லை. நாள்தோறும் எழுதுவது வீண் சுமை என்றும், கரையிலிருப்பவர் தமக்குக் கடலைக் கற்பிப்பதா என்றும் எண்ணினர் போலும். ஓலைச்சுவடிகளைப் பரணில் பூட்டிச் செல்லுக்கு இரையாக்கியோரை யானும் கண்டதுண்டு. கொடாமைக்கு எப்போதும் கருமித்தனமே காரணமன்று. கொடுத்தால் தமக்கு வருவது யாது என்னும் ஐயமும் காரணமாகும்.

அவ்வையத்தை நீக்கியது ஒரு பயணம். பிரேசில் நாட்டின் கிழக்கு முனையை நெருங்கினால் நீரோட்டம் கப்பலைக் கரைப்புறம் தள்ளிவிடும் என அஞ்சி, மாலுமிகள் ஆப்பிரிக்கப் பக்கமாக நெடுந்தொலைவு விலகிச் செல்வது வழக்கம். அவ்வச்சம் மிகையென மௌரியின் படம் காட்டிற்று. 1848-இல் சாக்சன் என்னும் மீகாமர் அப்படத்தை நம்பிப் பால்டிமோரிலிருந்து இரியோ நகருக்கு 38 நாளில் சென்றடைந்தார். வழக்கமாக ஏறத்தாழ 55 நாள் பிடித்த வழி அது! அதன்பின் மீகாமர் தாமே தேடி வந்தனர். மௌரியும் படத்தை விலைக்கு விற்றிலர். குறிப்பேடு எழுதித் தருவோர்க்கு அது விலையின்றிக் கிடைக்கும் என்றார். இங்ஙனம் கொடுத்தவனே கொள்பவனும் ஆனான்.

மற்றோர் இடையூறு எஞ்சியிருந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையில் எழுதினால் குறிப்புகளை ஒப்பிடுவது எங்ஙனம்? 1853-இல் பிரசெல்சு நகரில் 10 நாட்டினர் கூடி, கடற்குறிப்புக்கு ஒரே வகைப் படிவம் வகுத்தனர். போரில் கப்பல் பகைவர் கைப்படினும், அக்குறிப்பேட்டை அழியாது போற்ற வேண்டும் என்பதும் அங்கெழுந்த கருத்தாம்.

மௌரியோ 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, அடிமைமுறையைக் காக்க எழுந்த தென்னாட்டாரோடு சேர்ந்தார். அச்செயலை நாம் பாராட்டுவதற்கில்லை. எனினும் அவர் தொடங்கிய வழக்கம் நின்றுவிடவில்லை. இன்றும் வணிகக் கப்பல்கள் பல, தாம் செல்லும் இடத்துக் காற்றையும் அழுத்தத்தையும் அலையையும் அளந்து, வானிலைத் துறையினர்க்குத் தாமாகவே அனுப்பி வருகின்றன. நம் சென்னைத் துறைமுகத்திலும் இப்பணிக்கென ஓர் அலுவலகம் உண்டு.