வெக்டர் ஓவியமும் பதிப்புரிமையும்: மலையூரிலிருந்து ஸ்டாக் சந்தைக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் அறுவடையாகும் மாதங்கள் கடந்தபின் தோட்டவேலை குறைந்துவிடுவதும், ஏற்காடு ஒன்றியத்தின் வெள்ளக்கடை போன்ற ஊராட்சிகளில் இருப்போர் வேறு வேலைக்காகச் சேலத்துக்கு இறங்க இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டியிருப்பதும், கணினியும் இணைய இணைப்பும் மட்டுமே முதலாகத் தேவைப்படும் தொழில்களின்பால் இளைஞர்களை ஈர்க்கக்கூடியவை. அவற்றுள் ஒன்று ஸ்டாக் ஓவியம், அதாவது இன்னாருக்கென்று இல்லாமல் முன்கூட்டியே வரைந்து இணையதளத்தில் இருப்பில் வைத்து, வேண்டியவர் கட்டணம் செலுத்தி எடுத்துப் பயன்படுத்த விடும் படவணிகம். இதில் நுழைவோர் பெரும்பாலும் தம் படத்தைப் பிறர் திருடிவிடுவார்களோ என்று அஞ்சுகின்றனர். சட்டமோ அந்தப் படத்தின் கோடுகள் எங்கிருந்து வந்தன என்பதையே முதலில் கேட்கிறது.

வெக்டர் ஓவியம் என்பது புள்ளிகளுக்கு இடையிலான வளைகோடுகளைக் கணிதச் சமன்பாடுகளாகச் சேமித்து வைக்கும் படமாகும். ஒளிப்படத்தைப் போலச் சிறு சதுரங்களால் ஆகாதது என்பதால் அஞ்சல்தலை அளவிலிருந்து விளம்பரப் பலகை அளவுவரை பெரிதாக்கினாலும் அதன் விளிம்பு சிதையாது. 1960களில் பிரான்சின் ரெனோ கார் நிறுவனத்தில் பொறியாளர் பியர் பெசியே கார் உடல்களை வடிவமைக்கப் பயன்படுத்திய வளைகோடுகளே, 1987இல் வெளிவந்த அடோபி இல்லஸ்ட்ரேட்டர் வழியாக ஓவியர்களின் கைக்கு வந்தன. அம்மென்பொருளுக்குச் சந்தா கட்ட இயலாதவர் கள்ளப் பிரதியை நாடுவது வழக்கமாகிவிட்டது என்றாலும், கணினி நிரலின் கள்ளப் பிரதியை அறிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 63பி பிரிவின்கீழ் ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும் குறைந்தது 50,000 ரூபாய் அபராதமும் பெறத்தக்க குற்றமாகும். வருவாய் நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு நீதிமன்றம் காட்டக்கூடிய சலுகை, படம் விற்பவருக்குப் பொருந்தாது. 2003 முதல் கட்டணமின்றிக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் இருக்கும்போது இந்த இடருக்கு ஆளாக வேண்டிய தேவையே இல்லை.

தளத்தில் விற்கப்படுவது படமன்று, அதைப் பயன்படுத்தும் உரிமமே. ‘ராயல்டி ஃப்ரீ’ எனப்படும் உரிமத்தில் வாங்குபவர் ஒருமுறை பணம் செலுத்தி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் ஆகிய தளங்களின் சாதாரண உரிமம் அச்சுப் படிகளை ஐந்து லட்சத்துக்குள் வரையறுக்கிறது, சட்டை, கோப்பை போன்ற விற்பனைப் பொருளின் மீது படத்தை அச்சிட உயர்கட்டண உரிமம் வேண்டும். ஓவியருக்கு வரும் பங்கு சிறிது. அடோபி ஸ்டாக் வெக்டர் படங்களுக்கு 33 விழுக்காடு தருகிறது. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் முறையை மாற்றி, 15 விழுக்காட்டில் தொடங்கி விற்பனை கூடக் கூட 40 வரை உயரும் படிநிலைகளை வைத்ததுடன், ஒவ்வொரு ஜனவரி முதல் நாளும் அனைவரையும் அடிப்படியில் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒரு பதிவிறக்கத்துக்குப் பத்து அமெரிக்க சென்ட் என்பதும் இயல்பான வரவே. மாதம் இத்தனை ஆயிரம் உறுதி என்று சொல்லிப் பயிற்சிக் கட்டணம் கேட்பவரை இந்தக் கணக்கைக் கொண்டே மதிப்பிடலாம். இத்தளங்களில் சேர நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதால், சேர்த்துவிடுவதாகப் பணம் கேட்பவர் ஏமாற்றுபவர் என்றே கொள்ளலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பயிற்சியில் குறை என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையிடுபவர் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, அதாவது சேலத்திலேயே, வழக்கிட இடம் தருகிறது.

அமெரிக்கத் தளத்தில் வரிப் படிவம் நிரப்பாதவரின் அந்நாட்டு விற்பனை வருவாயில் 30 விழுக்காடு பிடிக்கப்படும். நிரந்தரக் கணக்கு எண்ணுடன் டபிள்யூ-8பிஇஎன் படிவத்தை அளிப்பவருக்கு இந்திய–அமெரிக்க வரி உடன்படிக்கையின்படி அது 15 ஆகும். பதினெட்டு வயது நிரம்பாதவர் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன்படி ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் ஆதலால் பள்ளி மாணவர் வயதைக் கூட்டிச் சொல்லிக் கணக்குத் திறப்பது சேர்ந்த பணத்தையும் இழக்கும் வழியாகும்.

இனி மூலத்துக்கு வருவோம். தொடக்கநிலையாளர் பலரும் பழகுவது, இணையத்தில் கிடைத்த ஒளிப்படத்தை அடியில் வைத்து அதன்மேல் கோடிழுப்பதும், மென்பொருளின் தானியங்கி வசதியால் அதை ஒரே சொடுக்கில் வெக்டராக மாற்றுவதும் ஆகும். பயிற்சிக்காக வீட்டுக் கணினியோடு நிற்கும்வரை இது குற்றமன்று. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தனிப் பயன்பாட்டுக்கு இடம் விடுகிறது. விற்பனைக்கு ஏற்றிய கணத்தில் நிலை மாறுகிறது, ஏனெனில் ஒரு கலைப்படைப்பை எந்தப் பொருள்வடிவிலும் மறுஆக்கம் செய்யும் உரிமையும் அதைத் தழுவி மாற்றும் உரிமையும் 14ஆம் பிரிவின்படி அதன் உரிமையாளருக்கு மட்டுமே உரியவை. நிறத்தை மாற்றிவிட்டால் போதும், முப்பது விழுக்காடு மாற்றினால் போதும் என்று வழங்கும் கணக்குகளுக்குச் சட்டத்தில் அடிப்படை ஏதும் இல்லை. ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இல் வகுத்த அளவுகோல் வேறு: கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, வெளிப்பாட்டுக்கே உண்டு, இரண்டையும் பார்த்தவருக்கு ஒன்று மற்றொன்றின் நகல் என்ற எண்ணம் ஐயமின்றி எழுமானால் அது மீறல். அமெரிக்காவில் லின் கோல்ட்ஸ்மித் 1981இல் எடுத்த பாடகர் பிரின்ஸின் ஒளிப்படத்தை வைத்து ஆண்டி வார்ஹோல் ஆக்கிய படத்தை இதழொன்றுக்கு உரிமம் கொடுத்தது நியாயப் பயன்பாடு ஆகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. வார்ஹோலின் புகழே காக்காத இடத்தில் புதியவருக்குக் காப்பு எங்கிருந்து வரும்?

பழைய படம் என்பதும் காப்பாகாது. பதிப்புரிமை படைப்பாளரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த ஆண்டின் மறு ஆண்டு முதல் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. 1906இல் மறைந்த ராஜா ரவிவர்மாவின் தெய்வப் படங்களை எவரும் எடுத்தாளலாம். ஆனால் சிவகாசி நாட்காட்டிகளால் வீடுதோறும் சென்ற கோவில்பட்டி சி. கொண்டையராஜு மறைந்தது 1976இல் என்பதால், அவர் வாழ்நாளில் வெளியான படங்களுக்கு 2036 இறுதிவரை உரிமை உண்டு. முருகனை வரையத் தடையில்லை, அவர் வரைந்த முருகனை நகலெடுக்கத்தான் தடை. ஃப்ரீபிக் போன்ற தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் இலை, பூ, சட்டகங்களைக் கோத்துப் புதுப்படமென்று ஸ்டாக் தளத்தில் ஏற்றுவதும் அவற்றின் உரிம நிபந்தனைகளுக்கு முரணானது; கணக்கு முடக்கப்படுவதற்கு இதுவே போதும்.

மலைவாழ் ஓவியருக்கு இங்கே ஒரு வாய்ப்பு உண்டு. காப்பிப் பூங்கொத்து, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, தோட்டத்துக்குள் வரும் காட்டெருமை ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தோ தாமே படமெடுத்தோ வரைபவரிடம் மூலம் குறித்த கேள்வியே எழாது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறை பேணும் ஆர்க்கிட் வகைகளையும் பார்த்து வரையலாம். ஏரிக்கும் மலைக்கும் பதிப்புரிமை இல்லை. மனித முகம் அவ்வாறன்று: அடையாளம் காணத்தக்க எவரையும் வணிகப் பயன்பாட்டுக்கு வரைந்தால் தளங்கள் அவருடைய கையெழுத்திட்ட ஒப்புதலைக் கேட்கும், மலையாளிப் பழங்குடிப் பாட்டி ஒருவரின் முகத்துக்கும் அது பொருந்தும். நடிகர் முகம் இன்னும் கடினம். ரஜினிகாந்தின் பெயர், தோற்றம், பாணி ஆகியவற்றை அவர் அனுமதியின்றிப் பயன்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் தடை விதித்தது.

தானே வரைந்த படத்துக்கு உரிமை வரைந்த கணமே பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமன்று. 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் அச்சான்று 48ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் முதல்நோக்குச் சான்றாகும். கட்டாதவரும் பென்சில் வரைவு, அடுக்குகள் கலையாத மூலக்கோப்பு, தேதியோடு கூடிய இடைநிலைப் பிரதிகள் ஆகியவற்றைப் பேணினால் போதிய சான்று அவரிடம் இருக்கும். சம்பளத்துக்கு வேலை செய்யும் வடிவமைப்பகத்தில் பணியின் பகுதியாக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லையெனில், முதலாளிக்கு உரியது. வெளியிலிருந்து அச்சகத்துக்கு வரைந்து கொடுப்பவரோ கவனிக்க வேண்டியது 19ஆம் பிரிவு: முழு உரிமை மாற்றம் எழுத்திலும் கையெழுத்திலும் இருந்தாலொழிய செல்லாது, காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும். தளங்களின் நிபந்தனைகளில் உலகம் முழுவதும் என்று எழுதியிருப்பதன் காரணம் இதனால் விளங்கும். அதே நிபந்தனைகளில்தான் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் படங்களைப் பயன்படுத்தும் அனுமதியும் அடங்கியிருக்கிறது. அடோபி 2023இல் வெளியிட்ட ஃபயர்ஃபிளை, அடோபி ஸ்டாக் தொகுப்பைக் கொண்டு பயிற்றப்பட்டது.

துணிக்கு ஏற்ற தொடர்வடிவங்களை வரைவோர் பலரும் அறியாத கண்ணி ஒன்று பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் இருக்கிறது. வடிவமைப்புச் சட்டம், 2000இன்கீழ் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவரிடம் உரிமம் பெற்றவரோ அதைத் தொழில்முறையில் ஐம்பது முறைக்கு மேல் பொருள்களில் ஆக்கிவிட்டால் அதன்மீதான பதிப்புரிமை முடிந்துவிடும். துணியில் அச்சிடுவதற்காக வரைந்த வடிவங்களை இவ்வகையிலேயே சேர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. புதியதும் முன் வெளியாகாததுமான வடிவமே பதிவுக்குரியது என்பதால், ஸ்டாக் தளத்தில் ஏற்றிய பிறகு பதிவுக்கு ஓடுவது பயன் தராது. சேலம், ஈரோடு நெசவுச் சந்தையை நோக்கி வரைபவர் முதலில் பதிய வேண்டும், பிறகே காட்ட வேண்டும்.

திருட்டு நடந்தபின் முதல் வேலை, அந்தப் பக்கத்தைத் தேதியோடும் முகவரியோடும் படம்பிடித்து வைப்பதாகும். பிறகு அதை வைத்திருக்கும் தளத்துக்கு எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்பலாம். பதிப்புரிமை விதிகள், 2013இன் 75ஆம் விதிப்படி இடைநிலைத் தளம் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும், ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். அமெரிக்கத் தளங்களுக்கு அந்நாட்டின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படியான நீக்கக் கோரிக்கை உண்டு, அதற்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை. தடையாணையும் இழப்பீடும் கோருபவர், எதிராளி மும்பையில் இருந்தாலும், பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி தாம் வசிக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். அதற்குரிய காலவரம்பு மூன்றாண்டு. அறிந்தே செய்த மீறல் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதில் காவல்துறை நேரடியாக வழக்குப் பதியலாம், அது பிணையில் விடத்தக்கதன்று என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் தெளிவுபடுத்தியது. வழக்குச் செலவை எண்ணித் தயங்குவோர் அறியாத ஒன்று, சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவில் இருக்கிறது: பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்; ஏற்காட்டு மலைக்கிராமங்களின் மலையாளிப் பழங்குடியினர் சாதிச் சான்றிதழோடு சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் பேசலாம்.