பன்னிரண்டு விநாடிக்குள்

எம். புதுப்பட்டிப் பக்கம் ‘மருந்து’ என்றால் மாத்திரை நினைவுக்கு வராது. பட்டாசுக்குக் கலக்கும் ரசாயனம்தான் வரும். மருந்து அறைக்குள் இரும்புச் சாமான் ஆகாது, எதையும் தரையில் உரசி இழுக்கக் கூடாது. அதே நிதானத்தைக் கேட்கும் இன்னொரு வேலை உண்டு. பிளஸ் டூவில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் பலர் அதன் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்: பெர்ஃப்யூஷனிஸ்ட்.

திறந்த இதய அறுவைச் சிகிச்சையில் பெரும்பாலும் இதயத்தை நிறுத்திவிட்டுத்தான் தைப்பார்கள். அதுவரை இதயமாகவும் நுரையீரலாகவும் இருப்பது இதய-நுரையீரல் இயந்திரம். 1953 மே 6 அன்று, பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் 18 வயதுப் பெண்ணின் இதய ஓட்டையை அடைத்தபோது, 26 நிமிடம் அவள் உயிர் முழுக்க இயந்திரத்தின் கையில் இருந்தது. இன்று அதை இயக்குபவரே பெர்ஃப்யூஷனிஸ்ட்.

சிரைகளிலிருந்து வரும் ரத்தம், கட்டிலைவிடத் தாழ்வாக வைத்த தொட்டியில் தானாக வடிகிறது. பம்ப் அதை ஆக்சிஜனேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே நுண்ணிய குழல்களின் சுவர் வழியே ஆக்சிஜன் ஏறும், கரியமில வாயு இறங்கும். பிறகு ரத்தம் வடிகட்டி கடந்து மகாதமனிக்குத் திரும்புகிறது.

இந்த வேலைக்கு முதலில் கணக்கு வேண்டும். உயரம், எடை பார்த்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் ஓட வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து, உறையும் நேரம் சுமார் 480 விநாடியைத் தாண்டியதா என்று சோதித்த பிறகே இயந்திரம் ஓடத் தொடங்கும்.

அடுத்தது கை. குழாய்களைப் பொருத்தித் திரவம் நிரப்பும்போது ஒரு காற்றுக் குமிழிகூடத் தங்கக் கூடாது. அது மூளைக்குப் போனால் ஆபத்து. கரண்ட் போய், மாற்று ஏற்பாடும் கைவிட்டால், பம்பைக் கையால் சுற்றவும் பழகியிருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே கண். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடும்போது தொட்டியில் 1 லிட்டர்தான் இருக்கிறது என்று வையுங்கள். வடிகுழாய் மடங்கி வரத்து நின்றால், தொட்டி காலியாக 12 விநாடி. அதற்குள் கவனித்து, வேகத்தைக் குறைத்து, சர்ஜனிடம் உரக்கச் சொல்லியாக வேண்டும். எச்சரிக்கை மணி உண்டுதான். மணி அடிக்கும் முன்பே கை பம்புக்குப் போயிருப்பவரே தேர்ந்தவர்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இதற்கென பி.எஸ்சி. படிப்பு இருக்கிறது. பாடத்தோடு, ஆபரேஷன் தியேட்டரில் மூத்தவர் அருகே நின்று பழகும் பயிற்சியும் உண்டு.

பட்டாசு ஆலையில் எந்தச் சத்தமும் கேட்காமல் சாயங்காலம் ஆனால் அது நல்ல நாள். தியேட்டரிலும் அப்படித்தான்: தொட்டி மட்டம் அசையாமல், மணி ஒருமுறைகூட அடிக்காமல், இதயம் மறுபடி துடிக்க ஆரம்பித்தால்.