பாதி மறைத்த லென்ஸ்

ஆ.மாதவனின் கதைகளைப் படித்தவர்களுக்குத் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு சொந்த ஊர் மாதிரி. அந்தச் சாலையில் ஓர் அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. கேரளத்தின் தமிழ்வழி மாணவர்களுக்குப் பாடநூல் தமிழிலேயே அச்சாகிறது. ஆனால், ஆசிரியர்களுக்கான பொதுவான பயிற்சி வகுப்பின் மொழி மலையாளம். அங்கே ‘ஆக்கம்’ என்றால் உந்தம். ‘பலம்’ என்றால் விசை. ‘த்வரணம்’ முடுக்கம், ‘பிரவிருத்தி’ வேலை. தமிழ்வழி அறிவியல் ஆசிரியர் காதால் ஒன்றைக் கேட்டு, நோட்டில் வேறொன்றை எழுதிக்கொள்ள வேண்டும். இது அவருக்குக் கூடுதல் சுமைதான். ஆனாலும் ஒரு சொல்லை இரண்டு முறை யோசிக்க வைப்பது அறிவியல் ஆசிரியருக்குக் கெடுதல் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பூஜப்புரை என்றதும் நகரவாசிகளுக்குச் சென்ட்ரல் ஜெயில் ஞாபகம் வரும். மாநிலத்தின் ஆசிரியர் பயிற்சிக்கும் அதுதான் தலைமையிடம். பாடத்திட்டத்தைக் கவனிக்கும் எஸ்.சி.இ.ஆர்.டி., பள்ளித் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் ‘கைட்’ இரண்டும் அங்கேதான். கோடை விடுமுறையில் மாநிலக் குழுவுக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டக் குழுவுக்கு. மாவட்டக் குழு ஆசிரியர்களுக்கு. ஜூனில் பள்ளி திறந்தபின் சனிக்கிழமைகளில் ‘க்ளஸ்டர்’ கூட்டம். சனிக்கிழமை என்றாலே அங்கே தகராறு உண்டு. 2024-25இல் 220 வேலைநாள் கணக்குக்காகச் சனிக்கிழமைகளையும் வேலைநாளாக்கியது அரசு. வழக்கு உயர் நீதிமன்றம் போய், அந்த ஏற்பாடு ரத்தானது.

என் மனத்தாங்கல் நாள்கணக்கைப் பற்றியது அல்ல. மேலிருந்து மூன்று கை மாறி வரும் பயிற்சியில் செய்முறைதான் முதலில் உதிர்கிறது. கடைசிப் படிக்கு வந்து சேர்வது ஸ்லைடு மட்டும்.

செய்முறை உதிர்ந்தால் எது போகிறது என்று பார்க்க ஒரு குவிலென்ஸ் போதும். ஜன்னலின் பிம்பத்தை எதிர்ச்சுவரில் விழச் செய்யுங்கள். தலைகீழாக, சின்னதாக, கம்பிகளோடு தெரியும். இப்போது லென்ஸின் மேல்பாதியை அட்டையால் மூடப்போகிறோம். பிம்பம் என்ன ஆகும்? பட்டம் வாங்கியவர்களும் ‘பாதி போய்விடும்’ என்பார்கள். மூடிப் பார்த்தால் ஜன்னல் முழுசாக நிற்கும். வெளிச்சம் மட்டும் குறையும். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி லென்ஸ் முழுக்க விழுகிறது. ஆகவே எந்தப் பாதியும் தனியாக முழுப் பிம்பத்தை உண்டாக்கும். பாடநூல் படத்தில் சௌகரியத்துக்காக இரண்டே இரண்டு கதிர் வரைகிறோம் இல்லையா, ஒளியே அந்த இரண்டு கோட்டில்தான் போகிறது என்று மனசில் பதிந்துவிடுகிறது. இந்தத் தவறு ஆசிரியருக்கு வகுப்பில் நேர்ந்தால் அவமானம். சக ஆசிரியர்கள் மத்தியில் நேர்ந்தால் சிரிப்பு, அப்புறம் ஒரு மணி நேர வாக்குவாதம். பயிற்சி என்று நான் சொல்வது அந்த ஒரு மணி நேரத்தை.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டம் அதற்கு இடம் கொடுத்தது. ஆசிரியர்கள் முதலில் மாணவர்களாக உட்கார்ந்து எல்லாச் சோதனைகளையும் தாங்களே செய்தார்கள். மாதாமாதம் கூடி, வகுப்பில் எது சரிப்படவில்லை என்று பேசினார்கள். பல்கலைக்கழக விஞ்ஞானிகள் வந்து கூட உட்கார்ந்தார்கள். 1978இல் மாவட்டம் முழுவதற்கும் பரவிய அந்தத் திட்டத்தை மாநில அரசு 2002இல் நிறுத்திவிட்டது. கேரளத்தில் இந்த வேலைக்கு வேர் வேறு: 1962இல் கோழிக்கோட்டில் பிறந்த சாஸ்திர சாகித்ய பரிஷத். ஆசிரியர்கள் பெருவாரியாகச் சேர்ந்த அந்த இயக்கம், ‘யுரேகா’ இதழைக் குழந்தைகள் கையில் கொடுத்தது.

இப்போது காற்று செயற்கை நுண்ணறிவுப் பக்கம். 2024 மே மாதம் 80,000 ஆசிரியர்களை இலக்காக வைத்துக் ‘கைட்’ அந்தப் பயிற்சியைத் தொடங்கியது. தேசியக் கல்விக் கொள்கையோ ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. எண்கள் பெரியவை. அந்த 50இல் எத்தனை மணி நேரம் ஆசிரியர் கையில் அட்டையும் லென்ஸும் இருக்கும் என்பதே என் கேள்வி. லென்ஸ் என்ற சொல்லையாவது சாலைப் பள்ளி ஆசிரியர் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. மலையாளத்திலும் அது லென்ஸ்தான்.