எபிசோட்: பனி உருகினதும் கெளுத்தி எங்கே போகும்? இரையும் இடமும்

இன்னைக்கு மீன் பிடிக்கிறதைப் பத்திப் பேசப்போறோம். குறிப்பா, அமெரிக்காவோட மிசௌரி மாநிலத்துல, மார்ச் மாசக் குளிர்ல, சேனல் கெளுத்தி பிடிக்கிறது. மெட்ரோவுல நின்னுக்கிட்டே கேக்குறவங்க, "இது நமக்கு எதுக்கு?"ன்னு நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்க. தண்ணி, காத்து, வெயில் மூணையும் படிக்கத் தெரிஞ்சா எந்த ஊர் ஏரிக்கரையிலயும் உதவும்.

முதல்ல ஆளை அறிமுகப்படுத்திடறேன். சேனல் கெளுத்திக்கு ரெண்டா பிளந்த வாலு, எட்டு மீசை, செதிலே இல்லாத உடம்பு. 1997-லேருந்து மிசௌரியோட மாநில மீன் இதுதான். உலக சாதனை மீன் 1964-ல தென் கரோலினாவுல பிடிபட்டது, 58 பவுண்டு, அதாவது 26 கிலோவுக்கு மேல. பயப்படாதீங்க, நமக்குக் கிடைக்கிறதெல்லாம் ஒண்ணு ரெண்டு கிலோதான்.

நான் இங்க வந்த முதல் வருஷம், பனி உருகின உடனே தூண்டிலோட கிளம்பிட்டேன். மூணு சனிக்கிழமை. ஒரு மீன் கூட இல்லை. கடையில "கெளுத்திக்குன்னே செஞ்சது"ன்னு வித்த நாத்தப் பசையை வாங்கி, நல்ல ஆழமா பாத்து வீசினேன். இரையும் தப்பு, இடமும் தப்பு. ஏன்னு புரியறதுக்கு எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

இரை: ஏன் நாத்தப் பசை வேலை செய்யலை?

கெளுத்திக்கு மீசையில மட்டும் இல்லை, உடம்பு முழுக்கவே சுவை மொட்டு இருக்கு. ஒரு நீந்துற நாக்குன்னு வெச்சுக்கங்க. கலங்கல் தண்ணியில கண்ணு தெரியலைன்னாலும், தண்ணியில கரைஞ்சு வர்ற ருசியைப் பிடிச்சுக்கிட்டே வந்து சேரும்.

ஆனா அந்த ருசி கரையணுமே! சீஸ், எண்ணெய் எல்லாம் போட்டுப் பிசைஞ்ச பசை, குளிர்ந்த தண்ணியில இறுகிப்போயிடும். குளிர்காலத்துல தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவுத்துப் பாருங்க, அதே கதைதான். கோடையில அந்தப் பசை நல்லா வேலை செய்யும். மார்ச்சுல செய்யாது. மீன் சதையிலேருந்து வர்ற ரத்தமும் சாறும் அப்படியில்லை, குளிர்லயும் தண்ணியில கலந்துடும்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். இங்க ஏரிகள்ல கிசர்ட் ஷாட்னு ஒரு மீன் கூட்டம் கூட்டமா இருக்கும். நம்ம மத்திக்குத் தூரத்துச் சொந்தம். இதுக்குக் குளிர் தாங்காது. கடுமையான குளிர்காலம் வந்தா நிறைய செத்துடும். வசந்தத்துல பனி உருகினதும் அதெல்லாம் அழுகி, ஊதி, மேல மிதக்கும். மாசக்கணக்கா சரியா சாப்பிடாத கெளுத்திக்கு அது ஓசிப் பந்தி. ஓடிப் பிடிக்க வேண்டாம், போய் வாயில போட்டுக்கிட்டா போதும்.

அதனால சீசன் தொடக்கத்துல முதல் இரை வெட்டின ஷாட். தூண்டில் கடைகள்ல உறைய வெச்சு விப்பாங்க. கட்டைவிரல் அளவுக்குத் துண்டு போடுங்க. பெருசா வேண்டாம். மீனோட உடம்புச் சூடு தண்ணியோட சூடுதான். தண்ணி குளிர்ந்தா செரிமானமும் மெதுவாயிடும், அதனால கொஞ்சமாத்தான் தின்னும்.

ரெண்டாவது, மண்புழு. வெதுவெதுப்பான மழை பெய்ஞ்ச மறுநாள் ஓடைத் தண்ணி புழுவையெல்லாம் அடிச்சுக்கிட்டு ஏரிக்குள்ள வரும். அன்னைக்கு ஷாட்டை மூடி வெச்சுட்டு, ஓடை வாய்ல புழு போடுங்க.

இடம்: காத்து எந்தப் பக்கம் அடிக்குது?

ஆழத்துலதான் மீன் இருக்கும்னு நான் நினைச்சது தப்பு. வசந்தத்துல முதல்ல சூடாகுறது ஆழமில்லாத இடம். அதுலயும் கறுப்புச் சேறு இருக்கற இடம், வெயிலை இழுத்துக்கும்.

எந்தக் கரைன்னு கேட்டா, பெரும்பாலும் வடக்குக் கரை. இந்த ஊர்ல மார்ச் மாசச் சூரியன் தெற்கே சாய்ஞ்சுதான் போகும், அதனால தெற்கைப் பாத்த கரைக்கு வெயில் அதிகம். வசந்தத்துல தெற்கேயிருந்து அடிக்கிற காத்து வெதுவெதுப்பா இருக்கும். அது மேல்மட்டத்துச் சூடான தண்ணியையும், மிதக்கிற செத்த ஷாட்டையும் சேர்த்து வடக்குக் கரைக்குத் தள்ளும். வெயில், வெந்நீர், சாப்பாடு மூணும் ஒரே இடத்துல!

ரெண்டு நாளா ஒரே திசையில காத்து அடிச்சிருந்தா, அது போய் மோதுற கரையில நடந்து பாருங்க. செத்த மீன் ஒதுங்கியிருந்தா, பக்கத்துலேயே வீசுங்க. அலை மூஞ்சியில அடிக்கும், கை விறைக்கும். ஆனா மீன் அங்கதான் இருக்கும்.

நேரமும் முக்கியம். கோடையில ராத்திரி நல்லது. மார்ச்சுல விடியக்காலையில எழுந்து போறது வீண். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல போங்க, தண்ணி வாங்கின வெயில் அப்பத்தான் தெரியும். தண்ணி 50 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 10 டிகிரி செல்சியஸைத் தொட்டா மீன் நல்லாவே சுறுசுறுப்பாகும். ஆனா செத்த ஷாட் இருந்தா அதுக்கு முன்னாடியே கடிக்கும்.

கட்டுறது எப்படி?

நடுவுல ஓட்டை போட்ட ஈயக்குண்டுக்குள்ள நரம்பை விட்டு, கீழே ஒரு சுழல் வளையம், அதுலேருந்து ஒன்றரை அடி நரம்பு, நுனியில முள். மீன் இழுத்தா நரம்பு மட்டும் ஓடும், ஈயத்தோட கனம் அதுக்குத் தெரியாது. குளிர்ல கடி ரொம்ப மென்மையா இருக்கும். வட்ட முள் போட்டிருந்தா வெடுக்குனு இழுக்காதீங்க, மெதுவா சுத்துங்க. வாயோரத்துல அதுவா மாட்டிக்கும்.

மேல வந்ததும் முதுகு முள்ளையும் ரெண்டு பக்கத்து முள்ளையும் பாத்துப் பிடிங்க. ஊர்ல கெளுத்தி முள்ளு குத்தினவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு விஷயம் சிரிக்காம சொல்றேன்

ரெண்டாவது வருஷம் தனியா போயிருந்தேன். முள் ஒரு மரக்கட்டையில சிக்கிடுச்சு. எடுக்கலாம்னு இறங்கினவன், பாறையில வழுக்கி மார்பளவு தண்ணியில விழுந்தேன். மூச்சு தன்னால இழுத்துக்குச்சு, என் கட்டுப்பாட்டுல இல்லை. கரை ஏறி போனை எடுத்தா, விரல் திரையைத் தொடுது, ஆனா மடங்கலை. கார் சாவியை ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல பிடிச்சுத்தான் கதவைத் திறந்தேன். நீச்சல் தெரியும்கிறது அந்தத் தண்ணியில பெரிய உதவி இல்லை. ஒரு முள் சில காசு. அறுத்து விட்டுடுங்க. தனியா போகாதீங்க. தண்ணி பக்கத்துல லைஃப் ஜாக்கெட் போடுங்க, மாத்துத் துணி காருல இருக்கட்டும்.

கிளம்பறதுக்கு முன்னாடி லைசென்ஸ் எடுங்க, ஒரு நாளைக்கு எத்தனை மீன்னு அந்த ஏரியோட விதியைப் பாருங்க. குழம்புக்குச் சின்னதா ரெண்டு போதும். பெருசு மாட்டினா ஒரு போட்டோ எடுத்துட்டுத் திரும்ப விட்டுடுங்க. இன்னும் ரெண்டு மூணு மாசத்துல முட்டை போடப் போறது அதுதான்.

நாலாவது சனிக்கிழமை என்ன ஆச்சுன்னு கேக்கிறீங்களா? அது அடுத்த வருஷம்தான் வந்துச்சு. வடக்குக் கரை, தெற்குக் காத்து, ஒரு துண்டு ஷாட். இருபது நிமிஷத்துல ராடு வளைஞ்சுது.

உங்க ஊர் ஏரியில கெளுத்தி எந்தக் கரையில கிடைக்குதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடறேன். பாத்துப் போங்க, மக்களே!