ஷாக் அப்சார்பரின் கசிவும் திருகால் தீராத குறையும்

மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும் காரின் ஸ்பிரிங் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருமே தவிர அதைத் தீர்த்துவிடாது என்பதால், வண்டி ஆடிக்கொண்டே போகாமல் தடுக்க அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றி வெளியேற்றும் கருவி ஒன்று தேவைப்படுகிறது. அதுவே ஷாக் அப்சார்பர். ஆயில் நிரம்பிய சிலிண்டருக்குள் நுண்துளைகளும் மெல்லிய எஃகுத் தகடுகளாலான வால்வுகளும் கொண்ட பிஸ்டன் நகரும்போது, ஆயில் அந்தக் குறுகிய வழிகளில் நெருக்கப்பட்டுப் பாய்கிறது. நகரும் வேகம் கூடக் கூட எதிர்ப்பு விசையும் கூடுகிறது. நொடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் 1,500 நியூட்டன் விசையைத் தரும் ஷாக், அந்தக் கணத்தில் 450 வாட் வீதத்தில் ஆற்றலை வெப்பமாக்குகிறது. பந்தயத் தடத்தில் ஓடும் காரின் ஷாக் கையால் தொட முடியாத அளவு சூடேறுவதற்கு இதுவே காரணம்.

சரிசெய்துகொள்ளத்தக்க ஷாக்கில், உள்ளீடற்ற பிஸ்டன் தண்டின் நடுவே மெல்லிய கம்பி ஒன்று செல்கிறது. அதைத் திருகினால் ஆயில் பாயும் பக்கவழி அகன்றோ குறுகியோ ஆட்டம் அடங்கும் அளவு மாறும். 1989ஆம் ஆண்டு செவர்லே கார்வெட்டில் வந்த எஃப்எக்ஸ்3 என்ற அமைப்பு இதில் ஒரு படி மேலே சென்றது. ஓட்டுநர் சுற்றுலா, விளையாட்டு, செயல்திறன் என்னும் மூன்று நிலைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, ஒவ்வொரு நிலைக்குள்ளும் வண்டியின் வேகத்துக்கேற்ப ஆறு படிகளில், பில்ஸ்டைன் ஷாக்குகளின் தலைப்பில் அமர்ந்த சிறு மின்மோட்டார்கள் அந்தக் கம்பியைத் திருப்பின. அக்காலத்துக்கு அது மதிக்கத்தக்க பொறியியல். இன்று அந்தக் கார்களை வைத்திருப்போருக்குக் கவலை தருவது மோட்டாருக்குக் கீழே உள்ள ரப்பர் பாகங்களின் முதுமை.

இவ்வகை ஷாக்கில் ஆயில் வெளியேற இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, எல்லா ஷாக்குகளுக்கும் பொதுவான தண்டின் ஆயில் சீல். குரோம் பூசிய தண்டில் கல்பட்ட வடுவோ துருப்புள்ளியோ இருந்தால், அது ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் சீலின் உதட்டை அரித்துக்கொண்டே இருக்கும். பொருத்தும்போது தண்டு சுழலாதிருக்க அதைப் பிளையரால் கவ்விப் பிடிப்பது, இதே கேட்டை ஒரு நிமிடத்தில் விளைவிக்கும் கொடிய தவறு. இரண்டாவது, சரிசெய்யும் கம்பி வெளியே வரும் இடத்தில் உள்ள ஓ-ரிங். சாதாரண ஷாக்கில் இந்த வழியே கிடையாது. எனவே கசிவு தண்டின் பக்கவாட்டில் தெரிகிறதா, உச்சியில் உள்ள கம்பியைச் சுற்றித் தெரிகிறதா என்பதை முதலில் பிரித்தறிவது அவசியம்.

தண்டின் மேல் மெல்லிய ஆயில் படலம் இருப்பது இயல்பே. சீல் உராய்ந்து தேயாதிருக்க அந்தப் படலம் வேண்டும். ஷாக்கின் உடலில் புழுதி ஒட்டிய லேசான ஈரத்தைக் கண்டு பதற வேண்டியதில்லை. துடைத்துவிட்டுச் சில நாள் ஓட்டிய பின் மீண்டும் ஈரம் வழிந்திருந்தால்தான் அது கசிவு. பவர் ஸ்டியரிங் குழாயிலிருந்து சொட்டிய ஆயிலுக்கு ஷாக்கின் மேல் பழி விழுவதும் உண்டு.

கசிவு தெரியாமலே வளர்வதற்கு ஓர் இயற்பியல் காரணம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரரான த கார்பன் உருவாக்கி, 1950களில் பில்ஸ்டைன் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த ஒற்றைக்குழாய் ஷாக்கில், ஒரு மிதக்கும் பிஸ்டன் ஆயிலையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் பிரிக்கிறது. ஆயிலில் குமிழிகள் தோன்றி எதிர்ப்பு விசை அறுந்துபோகாமல் காப்பது இந்த அழுத்தமே. நைட்ரஜன் அறை 100 மில்லி லிட்டர், அழுத்தம் 25 பார் என்று கொள்வோம். 20 மில்லி லிட்டர் ஆயில் போனால் மிதக்கும் பிஸ்டன் முன்னகர்ந்து அந்த இடத்தை நிரப்ப, அழுத்தம் 21 பாரை ஒட்டி நிற்கும். ஓட்டுநர் எதையும் உணரமாட்டார். கசிவு மேலும் தொடர்ந்து, மிதக்கும் பிஸ்டன் வேலை செய்யும் பிஸ்டனின் பாதைக்குள் நுழையும் அளவு ஆயில் குறைந்த பிறகே மோதலும் தடதடப்பும் திடீரெனத் தொடங்கும்.

வண்டி தளர்ந்ததாகத் தோன்றியதும் பலர் செய்வது சரிசெய்யும் கம்பியின் திருகை இறுக்குவது. இது பயனற்றது மட்டுமன்று, கேடும் விளைவிப்பது. திருகு மாற்றுவது பாயும் வழியைத்தான். போன ஆயிலை அது திருப்பித் தராது. ஸ்பிரிங் விரியும்போது தண்டுப் பக்கத்து அறையில்தான் அழுத்தம் ஏறுகிறது. திருகை இறுக்கினால் அந்த அழுத்தம் மேலும் உயர்ந்து, ஏற்கெனவே தளர்ந்த சீலின் வழியே ஆயிலை இன்னும் விரைந்து தள்ளும்.

கழற்றிய ஷாக்கில் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. தண்டை அமுக்கி விட்டால், நைட்ரஜன் அழுத்தம் இருக்கும்வரை அது தானே வெளியே வர வேண்டும். 14 மில்லி மீட்டர் தண்டின் மேல் 25 பார் அழுத்தம் ஏறத்தாழ 385 நியூட்டன் விசையைச் செலுத்தும். உள்ளேயே தங்கிவிட்டால் அழுத்தம் போய்விட்டது என்று பொருள். மேலே சொன்ன கார்வெட்டில் ஸ்பிரிங், ஷாக்கைச் சுற்றி அமையாமல் குறுக்கே கிடக்கும் கண்ணாடியிழைப் பட்டையாக இருப்பதால் கழற்றுவது சுலபம். ஆயினும் சக்கரத்தைத் தாங்கும் கையை ஜாக்கால் முட்டுக்கொடுத்த பின்னரே போல்ட்டைத் தொட வேண்டும்.

சீரமைப்பை இதற்கெனப் பயிற்சி பெற்ற பணிமனையிடம் விடுவதே முறை. அழுத்தத்தில் உள்ள குழாயை வீட்டில் திறப்பது உயிருக்கே ஆபத்து. நைட்ரஜனை வெளியேற்றி, சீலையும் ஓ-ரிங்கையும் சேர்த்தே மாற்றி, தண்டில் வடு இருந்தால் அதையும் மாற்றி, புதிய ஆயிலும் நைட்ரஜனும் நிரப்பிய பின், விசையையும் வேகத்தையும் வரைபடமாக்கும் சோதனைப் பொறியில் இடம் வலம் இரண்டையும் ஒப்பிட வேண்டும். மீண்டும் பொருத்தும்போது திருப்பும் கம்பியும் மோட்டாரும் ஒரே நிலையில் பொருந்தவில்லையென்றால், காலத்தால் நொறுங்கும் தன்மை பெற்ற மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையும். சாதாரண ஷாக்கைப் போட்டு மோட்டார்களின் இணைப்பை அகற்றிவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

கசியும் ஆயில் பிரேக் வட்டிலோ டயரிலோ பட்டால் வண்டியை நிறுத்தும் ஆற்றலே குன்றும். ஆகவே வழிந்த ஈரம் உறுதியான நாளிலிருந்து அந்தக் காரை வேகமாக ஓட்டாதீர்கள். ஒரே அச்சில் உள்ள இரண்டு ஷாக்குகளையும் சேர்த்தே சீரமையுங்கள்.