பழைய மரம் அறுக்கும் மிஷினுக்கு மறுவாழ்வு

2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. விழுந்த மரத்தை அப்புறப்படுத்தினால்தான் கன்று வைக்க முடியும் என்ற நிலையில், கோடரியும் கைவாளும் போதாமல், பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் மிஷின்கள் தோப்புகளில் இறங்கின. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் முறித்துப் போட்டபோதும் இதே கதைதான்.

அவசரத்துக்கு வாங்கிய மிஷின், வேலை முடிந்ததும் மோட்டார் கொட்டகை மூலைக்குப் போய்விடும். இரண்டு வருஷம் கழித்து எடுத்துக் கயிற்றை இழுத்தால் உறுமக்கூடச் செய்யாது. மர வியாபாரிகளிடமிருந்தும் எஸ்டேட்டுகளிலிருந்தும் கைமாறி வரும் முப்பது, நாற்பது வருஷத்து மிஷின்களும் உண்டு. இவற்றைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு விடலாமா, செலவு செய்து ஓட்டலாமா என்பதே கேள்வி. பார்க்க வேண்டிய இடங்களைப் பார்த்தால் அரைமணி நேரத்தில் பதில் கிடைத்துவிடும்.

எவை தாங்கும்?

ஜெர்மனியின் ஸ்டில் கம்பெனி 1959-ல் 'கான்ட்ரா' என்ற மிஷினை வெளியிட்டது. பல்சக்கரப் பெட்டி இல்லாமல் இன்ஜினிலிருந்து நேராகவே செயினை ஓட்டும் இந்த அமைப்பால் மிஷினின் எடை குறைந்தது. அதன் வழியில் வந்த 070 என்ற மாடல், சுமார் 106 சி.சி. கொண்டது. பாரும் செயினும் மாட்டாமலே பத்து கிலோவுக்கு மேல் எடை. இத்தகைய பழைய மிஷின்கள் வேகம் குறைந்தவை, உறுதி மிகுந்தவை. கிராங்க்கும் பேரிங்கும் எளிதில் போவதில்லை. கடைகளில் 52 சி.சி., 58 சி.சி. என்று இப்போது விற்கப்படும் விலை குறைந்த மிஷின்களில் அந்தக் கனம் கிடையாது. ஆனால் அவற்றுக்கு உதிரி பாகம் சுலபமாகக் கிடைக்கிறது. பழையதற்குச் செலவு செய்யுமுன் பிஸ்டன், ரிங், ஆயில் சீல், கார்புரேட்டர் டயாஃப்ரம் ஆகிய நான்கும் கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

இன்ஜின் உள்ளே பார்ப்பதற்கு அதைக் கழற்ற வேண்டியதில்லை. சைலன்சரை மட்டும் எடுத்துவிட்டு, டார்ச் விளக்கு அடித்து, புகை வெளியேறும் துவாரம் வழியாகப் பிஸ்டனைப் பார்க்கலாம். வழவழப்பாக இருந்தால் பாதி வெற்றி. அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கோடுகள் கிழித்திருந்தால், ஆயில் குறைவாகவோ காற்று அதிகமாகவோ ஓடிச் சூடேறியிருக்கிறது என்று பொருள். கார்புரேட்டர் பக்கத்தில் தேய்ந்திருந்தால், கிழிந்த ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி உள்ளே போயிருக்கிறது.

ராஜ்தூத், எஸ்டி காலத்து மெக்கானிக்குகள், "போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுவிடலாம்" என்பார்கள். அது இரும்பு போர் உள்ள மோட்டார் சைக்கிளுக்குச் சரி. மரம் அறுக்கும் மிஷின்களில் பெரும்பாலும் அலுமினிய சிலிண்டரின் உட்புறம் குரோமியம் போன்ற கெட்டிப் பூச்சுதான் இருக்கும். அதைக் கடைந்தால் பூச்சு போய்விடும், சிலிண்டரும் போய்விடும். பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருப்பது மட்டும் என்றால் பிழைக்கவைக்கலாம். குச்சி முனையில் பஞ்சு சுற்றி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தொட்டு, ஒட்டிய இடத்தில் மட்டும் தடவினால் அலுமினியம் நுரைத்துக் கரையும். காற்றுத் துவாரங்களின் ஓரத்தில் அமிலம் பட்டால் சிலிண்டரையே தின்றுவிடும். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, திறந்த வெளியில் செய்து, உடனே நன்கு கழுவித் துடைக்க வேண்டும். பூச்சே பெயர்ந்து உள் உலோகம் தெரிந்தால் புதுச் சிலிண்டர்தான் வழி. அதன் விலையைக் கேட்டபின் மேற்கொண்டு யோசிக்கலாம்.

கழற்றும்போது

கிளட்ச் மறையைப் பெரும்பாலான மிஷின்களில் இடமிருந்து வலமாகத் திருப்பினால்தான் கழறும். வழக்கம்போல் திருப்பினால் இறுகும். பிஸ்டன் சுழலாமல் நிறுத்த, பிளக் துவாரம் வழியாக நைலான் கயிற்றைக் கொஞ்சம் உள்ளே செலுத்திவிட்டால் போதும். ஸ்குரூ டிரைவரை நுழைத்து நிறுத்துகிறவர்கள் பிஸ்டன் தலையில் ஓட்டை போட்டுவிடுகிறார்கள். ஃப்ளைவீலைச் சுத்தியலால் தட்டி எடுப்பதும் கூடாது. புல்லர் போட வேண்டும். இன்ஜின் உடம்பு பல மிஷின்களில் மெக்னீசியம் கலந்த உலோகம். அதைச் சாதாரண வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவதும், கிரைண்டரில் பிடிப்பதும் ஆபத்து. மெக்னீசியத் தூள் தீப்பற்றும். கரி போக்குவதற்காகச் சிலிண்டரைக் காஸ்டிக் சோடா நீரில் ஊறவைத்தால் அலுமினியம் அரித்துவிடும்.

பழைய மிஷின்களில் ஸ்கூட்டரில் இருந்ததுபோல் பாயிண்ட்டும் கண்டன்சரும் இருக்கும். கிடப்பில் இருந்த மிஷினில் தீப்பொறி வராததற்குப் பாதிக் காரணம் பாயிண்ட் முகத்தில் படிந்த பாசிதான். மெல்லிய எமெரித் தாளால் தேய்த்து, இடைவெளியைச் சுமார் 0.35 முதல் 0.4 மில்லி மீட்டருக்கு வைத்தால் பல மிஷின்கள் உயிர்பெறும். பிளக் இடைவெளி அரை மில்லி மீட்டர்.

காற்று என்னும் எதிரி

டி.வி.எஸ். 50 பழுது பார்த்துப் பழகியவருக்கு இந்த இன்ஜின் புதிதல்ல. இரண்டும் டூ ஸ்ட்ரோக்தான். ஆனால் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. மொபெட் கார்புரேட்டரில் மிதவை உண்டு. மரம் அறுக்கும் மிஷினைப் பக்கவாட்டிலும் தலைகீழாகவும் பிடிக்க வேண்டியிருப்பதால், இதில் மிதவைக்குப் பதில் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு பெட்ரோலை அளந்து விடுகிறது. வயதானால் இந்தச் சவ்வு அட்டைபோல் விறைத்துவிடும். விறைத்த டயாஃப்ரத்தை எண்ணெய் தடவி மிருதுவாக்குவது வீண் வேலை. புதியதைப் போட வேண்டும்.

இதைவிட மோசமானது ஆயில் சீல் வழியாகக் காற்று இழுப்பது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே வருகிறது. கூடுதல் காற்று நுழைந்தால் கலவை நீர்த்து, வேகம் ஏறி, சூடேறி, சில நிமிஷங்களில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். புதுப் பிஸ்டன் போட்டும் மறுவாரமே போய்விட்டது என்று மெக்கானிக்கைக் குறை சொல்கிறவர்களில் பலருக்கு, பழைய சீலை மாற்றாமல் விட்டதே காரணமாக இருக்கும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்கத் தாமதித்தால், அல்லது மிஷினைச் சாய்த்துப் பிடிக்கும்போது சத்தம் மாறினால், காற்று எங்கோ புகுகிறது.

இதைக் கிராமத்திலேயே சோதிக்கலாம். சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் சைக்கிள் ட்யூப் ரப்பர் வைத்துத் தகடால் இறுக்கி அடைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் சைக்கிள் வால்வைப் பொருத்தி, குறைந்த பிரஷர் காட்டும் கேஜ் வைத்து 7 பவுண்டு காற்று ஏற்ற வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். முள் இறங்காமல் நின்றால் இன்ஜின் கெட்டியாக இருக்கிறது. இறங்கினால் சோப்பு நுரை தடவிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

பெட்ரோல் மாறிவிட்டது

மிஷின் பழையது, பெட்ரோல் புதியது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-ல் நாடு முழுவதும் பரவிவிட்டது. எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும். ஈரத்தை இழுக்கும். நீர் அதிகம் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். உறிஞ்சு குழாய் கிடப்பது அங்கேதான். எத்தனாலுக்குள் ஆக்சிஜன் இருப்பதால் பழைய கார்புரேட்டர் செட்டிங்கில் கலவை சற்று நீர்த்தும் போகிறது.

எனவே குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்ற வேண்டும். 'எச்' என்று குறித்த ஸ்குரூவைச் சிறிது திறந்து வைக்க வேண்டும். செயின் சும்மா ஓடும்போது முழு வேகத்தில் இன்ஜின் சற்றுக் கரகரப்பாகவும், மரத்தில் அழுத்தியதும் சத்தம் தெளிவாகவும் இருந்தால் அதுவே சரியான செட்டிங். காதுக்கு இனிமையாகக் 'கீச்' என்று அலறினால் பிஸ்டனுக்கு ஆபத்து. ஆயிலைப் பொறுத்தவரை, கம்பெனி குறிப்பிட்ட உயர்ரக ஆயில் என்றால் 1-க்கு 50, சாதாரண 2டி ஆயில் என்றால் 1-க்கு 25 என்பது பல மிஷின்களுக்கான அளவு. அதாவது லிட்டருக்கு 20 அல்லது 40 மில்லி. கண் மதிப்பு உதவாது, அளவு மூடி வேண்டும். கலந்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

புழு சொல்லிக் கொடுத்த பல்

செயினின் பல் வடிவத்துக்கு ஒரு கதை உண்டு. 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டுபவர், வண்டுப் புழு ஒன்று கெட்டி மரத்தை இடமும் வலமும் மாறிமாறிக் கடித்துக் குடைந்து செல்வதைக் கவனித்தார். மாமரத் தண்டைத் துளைத்து நம் விவசாயிகளை அழவைக்கும் புழுவின் உறவுதான் அது. அதன் தாடையைப் பார்த்து அவர் செய்த வளைந்த பல், 1947-ல் விற்பனைக்கு வந்தது. இன்றைய செயினும் அந்த அடிப்படையில்தான் இருக்கிறது.

இந்தப் பல்லை உருண்டை அரத்தால், உள்ளிருந்து வெளியாக, ஒரே திசையில், எல்லாப் பல்லுக்கும் அதே எண்ணிக்கையில் ராவ வேண்டும். 070 போன்ற பெரிய மிஷினின் .404 செயினுக்கு 5.5 மில்லி மீட்டர் அரம். 3/8 செயினுக்கு 5.2. மரத்திலிருந்து செதிலாக வந்தால் பல் கூர்மை, மாவாக வந்தால் மழுங்கல். தென்னையின் வெளிப்பகுதி கெட்டி. மணற்சத்தும் உள்ளதால் பல் சீக்கிரம் மழுங்கும். விழுந்து மண்ணில் புரண்ட மரமென்றால் சேற்றைச் செதுக்கிவிட்டு அறுக்க வேண்டும். பாருக்கு டிராக்டரின் கழிவு ஆயிலை ஊற்றும் பழக்கம் உண்டு. அதிலுள்ள உலோகத் தூள் பம்பையும் பாரையும் தேய்க்கும், தோலுக்கும் கேடு.

பிரேக் இல்லாத மிஷின்

இத்தனையும் செய்து நன்றாக ஓடும் பழைய மிஷினிலும் ஒரு குறை இருக்கலாம். பார் முனையின் மேல்பாதி மரத்தில் தட்டினால் மிஷின் ஆளின் முகத்தை நோக்கி எகிறும். கண் இமைப்பதற்குள் செயினை நிறுத்தும் பிரேக், 1970-களின் தொடக்கத்தில்தான் வந்தது. அதற்கு முந்தைய வடிவமைப்பில் வந்த மிஷின்கள் பலவற்றில் அது கிடையாது. அவற்றை ஏணியிலோ மரத்தின் மேலோ, புயலில் வளைந்து முறுக்கி நிற்கும் மரத்திலோ பயன்படுத்தவே கூடாது. அதற்குப் பிரேக் உள்ள மிஷினை வாடகைக்கு எடுப்பதே மலிவு. பிரேக் உள்ள மிஷினிலும், வேலை தொடங்குமுன் மிஷினைத் தரையில் ஊன்றிச் செயினை ஓடவிட்டு, முன் கைத்தடுப்பைத் தள்ளிப் பார்க்க வேண்டும். செயின் உடனே நிற்காவிட்டால் பிரேக் பட்டை தேய்ந்துவிட்டது.

அதிர்வு தாங்கும் ரப்பர் இல்லாத மிஷினை நாள் முழுதும் பிடிக்கிறவர்களுக்கு விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும் நோய் வருகிறது. வந்தால் முழுதாகத் திரும்புவதில்லை. கால் மணிக்கு ஒருமுறை கீழே வைத்து, ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே மிஷினை வெளியே எடுத்துப் புதுக் கலவை ஊற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். வேலை முடிந்து திரும்ப வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி 2டி ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெல்ல இழுத்து, பிளக்கைத் திரும்ப மாட்டிச் சாக்கில் சுற்றி ஈரமில்லாத பரணில் வைக்கலாம். உரமூட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் மெக்னீசியம் உடம்பு அரித்துவிடும்.