பெட்டியும் அதைத் தூக்குகிறவரும்

கிதாரைப் பற்றி எழுதினால் கவனிப்பார்கள். கிதார் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றி எழுதினால், எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இதென்ன வேலை என்பார்கள். ரோலான் பார்த் 1957இல் வெளிவந்த தன் தொகுப்பில் சித்ரோவன் காரைப் பற்றி எழுதியிருக்கிறார். கார் ஒரு பிரதி என்றால் பெட்டியும் பிரதிதான். தவிர, எனக்கு இதில் ஒரு கடன் பாக்கியிருக்கிறது. நண்பர்களின் வீதி நாடகக் குழுவுக்குப் பெட்டி வாங்கும்போது, ‘இதுதான் பார்க்க நல்லாயிருக்கு’ என்று கைகாட்டியவன் நான். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. மூலை ஊதிப் பிளந்தது. வேனிலிருந்து இறக்கும்போது கைப்பிடி ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டு வர, பெட்டி ஒரு தோழரின் காலில் விழுந்தது. இரண்டு மாதம் நொண்டினார். கிழிந்த ரெக்சினுக்கு உள்ளே இருந்தது அழுத்திய மரத்தூள்.

அதற்குப் பிறகு விசாரித்தும் கழற்றிப் பார்த்தும் தெரிந்துகொண்டவை இவை.

ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. எதிரெதிரான இந்த இரண்டு அலைகளும் சந்தித்தால் அடிக்குரல் கரைந்துபோகும். கிதாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. முதலில் அடிபடுவது அதுதான். பின்பக்கம் திறந்த பெட்டியில் ஒலி சுவர்களில் பட்டு அறையை நிரப்பும், அடி மெலியும். மூடிய பெட்டியில் உள்ளேயுள்ள காற்று வில்போல எதிர்த்து நிற்பதால் அடி இறுக்கமாகி, ஒலி முன்னோக்கிப் பாயும். தெருமுனையில் சுவர் ஏது? நமக்கு மூடியதுதான் சரி. கூம்புக்கும் பாதுகாப்பு.

அதிர்வது கூம்பு மட்டுமில்லை, பலகையும் சேர்ந்து அதிர்கிறது. ஆகவே மரம் முக்கியம். இங்கிலாந்தின் மார்ஷல் பெட்டிகள் பிர்ச் ப்ளைவுட்டில் பேர் பெற்றவை. 1950களின் அமெரிக்க ஃபெண்டர் பெட்டிகள் பைன் மரம். மூலைகளை இரண்டு கை விரல்களைக் கோத்ததுபோல் வெட்டிச் சேர்த்திருப்பார்கள். எம்.டி.எஃப். பலகை கனம், ஓரம் சீக்கிரம் நொறுங்கும். மரத்தூள் பலகை ஈரத்தைக் குடித்து ஊதும், ஸ்க்ரூ நிற்காது. கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒயர் செருகும் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றச் சொல்லுங்கள். வெட்டுமுகம் தெரியும். அடுக்கடுக்காகக் கோடு இருந்தால் ப்ளைவுட். ரவை உப்புமா மாதிரி இருந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். கழற்றமாட்டேன் என்கிற கடைக்காரரிடமும் வாங்க வேண்டாம்.

இனி அழகு. நான் ஏமாந்த இடம். ஃபெண்டர் தன் பழைய பெட்டிகளுக்கு ஒட்டிய ட்வீட் துணி அன்றைய பயணப் பெட்டிகளுக்கு ஒட்டப்பட்ட ரகம். பிறகு வந்த வினைல் உறை கீறலையும் ஈரத்தையும் தாங்குவது. மூலைக் கவசம் லாரியில் மோதுவதற்கு. முன்னால் இழுத்துக் கட்டிய நெசவு, ஒலியை விட்டுக் கைவிரலைத் தடுப்பதற்கு. ஆக, ‘ராக் அழகு’ என்று நாம் வாசிக்கும் குறிகள் எல்லாமே சுமத்தலின் தடயங்கள். சுமத்தலை மறந்துவிட்டுக் குறியை மட்டும் ஒட்டினால், என் கண்ணை மயக்கிய அந்தப் பெட்டி கிடைக்கும்.

இந்தப் பிரிவினை வரலாற்றில் நடந்த இடம் ஒன்று உண்டு. லண்டனின் ஹான்வெல் பகுதியில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலிடம், ‘தி ஹூ’ குழுவின் பீட் டௌன்ஷெண்ட் 1965இல் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் எட்டை ஒரே பெட்டியில் கேட்டார். சுமப்பவர்கள் பாடு என்னாவது என்று தான் எச்சரித்ததையும், அதற்குத்தானே அவர்களுக்குச் சம்பளம் என்று பதில் வந்ததையும் மார்ஷல் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். செய்தும் கொடுத்தார். கொஞ்ச நாளில் சுமப்பவர்கள் முரண்டு பிடிக்க, டௌன்ஷெண்ட் திரும்பி வந்தார். எட்டு, நான்கு நான்காகப் பிரிந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. உலக மேடைகளில் ஆண்மையின் கோபுரமாக நிமிர்ந்து நிற்கும் அந்த அடுக்கின் வடிவத்தில் கூலிக்காரர்களின் முதுகுவலிக்கும் பங்குண்டு. எந்த ரசிகரும் அதை அப்படி வாசித்ததாகத் தெரியவில்லை. பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை: மேடை முழுக்கப் பெட்டிச் சுவர் எழுப்பிய பல குழுக்களிடம் பாதிக்குமேல் உள்ளே ஸ்பீக்கரே கிடையாது. குறிப்பீடு கழன்றுபோன குறிப்பான். அதையும் ஒருத்தர் தூக்கத்தானே வேண்டியிருந்தது.

நான்கு ஸ்பீக்கர் கொண்ட மார்ஷல் பெட்டி இன்றும் ஏறத்தாழ 36 கிலோ. நமக்கு எதற்கு அது? நல்ல பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். நியோடிமியம் காந்தம் உள்ளது எடை குறைவு, விலை கூடுதல். கைப்பிடியை ஸ்க்ரூவில் தொங்கவிடாமல், பலகையைத் துளைத்து மறுபக்கம் நட்டுப் போட்டு முறுக்கியிருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் கேட்கும் ஓமும் பெட்டியின் ஓமும் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பெட்டி இணைக்காமல் ஓட்டினால் உள்ளேயிருக்கும் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

இரண்டாவது பெட்டியைக் குழு விலைக்கு வாங்கவில்லை. ஆசாரி ஒருவர் மரைன் ப்ளைவுட்டில் செய்துகொடுத்தார். வேலை நடக்கும்போதே கால் அடிபட்ட தோழர் மூன்று தடவை போய்த் தூக்கிப் பார்த்தார். கைப்பிடியை மேலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றச் சொன்னவர் அவர். ரெக்சினும் அவர் தேர்வுதான், கிளிப்பச்சை. எனக்குப் பிடிக்கவில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை.